வியட்நாம் போர்: 1945இலிருந்து படிப்பதா, 1964இலிருந்தா?

அமெரிக்கா வியட்நாமில் ஏன் இறங்கியது என்று படிக்க வருபவர்கள் எந்த ஆண்டிலிருந்து தொடங்குவது என்று தடுமாறுகிறார்கள்.

நேரம்
1964: டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் தாக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட சம்பவத்தில் தொடங்கி நேராகப் போருக்குள் போய்விடலாம்.
1945: பிரெஞ்சு ஆட்சி, வியட்நாமைத் தற்காலிகமாக இரண்டாகப் பிரித்த 1954 ஜெனீவா ஒப்பந்தம் எல்லாம் வரும். பொறுமை வேண்டும்.

காரணம்
1964: கம்யூனிசத்தைத் தடுக்க வந்த போராக மட்டுமே தெரியும்.
1945: செப்டம்பர் 2 அன்று ஹனோயில், அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் வரிகளோடுதான் வியட்நாம் விடுதலைத் தலைவர் ஹோ சி மின் சுதந்திரத்தை அறிவித்தார். 1946இல் அமெரிக்க அதிபர் ட்ரூமனிடம் ஆதரவு கேட்டு எழுதினார், பதில் வரவில்லை. மாறாக, மீண்டும் ஆள வந்த பிரான்சின் போர்ச் செலவில் 1954 வாக்கில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை அமெரிக்காவே சுமந்தது. என்னை உலுக்கிய எண் இது. 1954இல் தியன் பியன் பூ போரில் பிரெஞ்சுப் படையோடு அந்தப் பணமும் தோற்றது.

மக்கள்
1964: பெரும்பாலும் அமெரிக்கச் சிப்பாய்களின் கதை.
1945: நாட்டை ஒன்றிணைக்க, ஜெனீவா ஒப்பந்தப்படி 1956இல் நடந்திருக்க வேண்டிய தேர்தல் மறுக்கப்பட்ட வியட்நாமியரின் கதை.

படை நகர்வும் ஆயுதங்களும் போதும் என்றால் 1964. இவ்வளவு குண்டுக்கும் அந்த மக்கள் ஏன் பணியவில்லை என்று கேட்பவர்கள் 1945இல் தொடங்குங்கள்.