மரக்கப்பல் யன்னலுக்குக் கண்ணாடியா, எக்ஸ்றே படமா?

வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு, 1938-இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம்வரை ஓடிய அன்னபூரணியை சின்ன மாதிரியாகச் செய்பவருக்கு, யன்னலுக்கு எதைப் போடுவது என்ற இந்தத் தலையிடி பெரிதாக வராது. சரக்கு ஏற்றும் பாய்க்கப்பலில் கண்ணாடிக்கு வேலை குறைவு. பிரித்தானியாவின் விக்டரி போன்ற பழைய போர்க்கப்பலில் கைவைத்தவருக்குத்தான் வினை. 1765-இல் நீரில் இறக்கிய அந்தக் கப்பலுக்கு 1800 - 1803 திருத்தத்தில் பின்பக்கத் திறந்த மாடங்களை அடைத்துவிட்டார்கள். இப்போது பார்த்தால் அடுக்கடுக்காக யன்னல்தான். மாதிரியைப் பார்க்க வருகிறவரும் பாயையும் கயிற்றையும் ஒருமுறை மேய்ந்துவிட்டு, நேரே அந்தப் பின்பக்கத்துக்குத்தான் குனிவார். அங்கே பிளாஸ்ரிக் பல்லைக் காட்டினால் மற்ற மரவேலை முழுக்க அடிபட்டுப் போகும்.

யாழ்ப்பாணத்தில் தேடினால் கிடைக்கக்கூடியவை: போட்டோக்கொப்பிக் கடை ஓ.எச்.பி. தாள் (தெளிவான பிளாஸ்ரிக் தாள்), பழைய எக்ஸ்றே படம், ஆய்வுகூடச் சாமான் விற்கும் கடையில் நுணுக்குக்காட்டிக் கவர் சிலிப் (பார்க்கும் பொருளை மூடுகிற மெல்லிய கண்ணாடித் துண்டு), போன் திருத்துபவர் திரைக்கண்ணாடி ஒட்டப் பாவிக்கிற யூவி பசை. பேர்ஸ்பெக்ஸை விட்டுவிடுவோம், தடிப்புக் கூடியது. போனின் பழைய திரைக்கண்ணாடியை வெட்டலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: வெட்டினால் முழுதும் நொறுங்கும்.

முதலில் தடிப்பு. கவர் சிலிப் ஏறக்குறைய 0.17 மில்லிமீற்றர். 1:48 அளவில், அதாவது நிசக் கப்பலில் 48-இல் ஒரு பங்காகச் செய்த மாதிரியில், அது 8 மில்லிமீற்றர்க் கண்ணாடிக்குச் சமம். 1:72 என்றால் 12. எக்ஸ்றே படமும் கிட்டத்தட்ட அதே தடிப்புத்தான். 0.1 மில்லிமீற்றர்த் தாள் 1:48-இல் 5 மில்லிமீற்றருக்குள் வந்துவிடும். கணக்கின்படி தாள்தான் வெற்றி. ஆனால் விளிம்பு சட்டத்துக்குள் மறைந்துவிட்டால் இந்தக் கணக்கு யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது? திறந்த நிலையில் ஒரு யன்னலைக் காட்ட நினைப்பவர் மட்டும் கவலைப்படட்டும்.

உண்மையான வித்தியாசம் வெளிச்சம் தெறிக்கிற விதத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் கண்ணாடியை ஊதி, வட்டமாகச் சுழற்றி விரித்து, அதிலிருந்து சின்னச் சின்னச் சதுரமாக வெட்டினார்கள். ஒவ்வொன்றும் கொஞ்சம் வளைவு, கொஞ்சம் சாய்வு. சட்டத்துக்குப் பின்னால் ஒரே தாளை ஒட்டினால் எல்லாச் சதுரமும் ஒன்றாய் மின்னி, ஒன்றாய் அணையும். கண் அந்த இடத்திலேயே பிடித்துவிடும். கவர் சிலிப்பைச் சதுரம் சதுரமாக வெட்டி ஒவ்வொன்றாக இருத்தினால், கை சுத்தமில்லாததே நன்மையாகிறது. ஒன்று மின்னும்போது பக்கத்தது கறுப்பாகக் கிடக்கும். தாளையும் துண்டு துண்டாக வெட்டி இருத்தலாம்தான். ஆனால் கத்தி பட்ட ஓரம் மெல்ல மேலெழும்பி, அந்த வளைவிலும் ஒளி பட்டுக் காட்டிக்கொடுக்கும்.

வெட்டுவதுதான் கவர் சிலிப்பின் கஷ்டம். கண்ணாடிக் கடைக்காரரின் சில்லு வெட்டி இதை நொறுக்கிவிடும். கூரான வைர முனை வேண்டும். தடித்த கண்ணாடி ஒன்றின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, சிலிப்பை அதில் படியவைத்து, ஒரே ஒரு கீறல். அழுத்தக்கூடாது, திரும்பக் கீறவும் கூடாது. பிறகு விளிம்பில் வைத்து மெதுவாகத் தட்டினால் கீறல் வழியே பிரியும். பாதி உடையும் என்று நினைத்தே ஒரு பெட்டி வாங்குங்கள். உடைந்த சில்லு நிலத்தில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது; வெறுங்காலோடு திரிகிற எங்கள் வீடுகளில் அது விளையாட்டில்லை. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் நான் எக்ஸ்றே படத்தைத்தான் சொல்வேன்.

அதற்கும் ஒரு தனி அழகு உண்டு. மருந்தில் கழுவியெடுத்த பழைய படத்தைப் பிளீச்சில் ஊறவைத்துத் துடைத்தால் கறுப்புப் பூச்சு வழுக்கிக்கொண்டு வரும். அடியில் இலேசான நீலம் மிஞ்சும். கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். அடித்தாள் பொலியெஸ்ரர் என்பதால் ஆண்டுக்கணக்கில் சுருங்காது. ஓ.எச்.பி. தாளில்தான் ஏமாற இடமுண்டு: சிலது பொலியெஸ்ரர், சிலது அசிற்றேற் என்கிற வேறு பிளாஸ்ரிக். ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள். சுலபமாகக் கிழிந்தால் அசிற்றேற். அது காலப்போக்கில் சுருங்கும், நெளியும், வினாகிரி மணம்கூட வரும்.

எதை எடுத்தாலும் சுப்பர் குளூவைப் பக்கத்தில் விடாதீர்கள். அதன் ஆவி ஈரத்தோடு சேர்ந்து வெள்ளைப் புகாராய்ப் படியும். கார்த்திகை மழையில், மூடிய கப்பல் உடலுக்குள் என்றால் சொல்லவே வேண்டாம். தச்சர் பாவிக்கிற வெள்ளைப் பசையை ஊசி முனையால் மூலைக்கு ஒரு புள்ளி வைத்தால் போதும்.

வட்ட யன்னல் துவாரங்களுக்குப் போட்டி வேறு. வெள்ளைப் பசையை ஈர்க்கால் இழுத்துவிட்டால் ஐந்து மில்லிமீற்றர்வரை தானாகவே தெளிந்த படலமாகும். செலவில்லை, ஆனால் நடு குழிந்துவிடும், ஈரத்தில் மங்கவும் கூடும். யூவி பசை குழியாது, விளக்கைக் காட்டியதும் இறுகிவிடும். துவாரத்தின் பின்னால் ஒட்டுநாடா ஒட்டிவிட்டு ஒரு துளி விட்டால் முடிந்தது. நீராவிக் கப்பல் செய்பவர்கள் தாளையும் கண்ணாடியையும் மறந்துவிட்டு இதற்கே போகலாம்.

மேலும் ஒன்று, இதைச் செய்யாவிட்டால் வைரமுனை வாங்கிய காசு வீண். பகல் வெளிச்சத்தில் வெளியிலிருந்து பார்த்தால் எந்த யன்னலும் கறுப்பாகத்தான் தெரியும். உள்ளே பூச்சில்லாத வெறும் மரம் தெரிந்தால் அது கூடு, கப்பல் அல்ல. கண்ணாடி பூட்டுமுன் உட்சுவருக்குக் கருநீலமோ கறுப்போ, பளபளப்பில்லாத பூச்சாக அடித்துவிடுங்கள்.

பின்பக்க விளக்குகளுக்கு மட்டும் நான் வேறு கட்சி. அந்தக் காலத்து விளக்குகளில் காக்காப்பொன் (மைக்கா) தகடும் பாவித்தார்கள். பழுதான பழைய மின் அயர்னைக் கழற்றினால் சூடாக்கும் கம்பி அதே தகட்டில்தான் சுற்றியிருக்கும். நகத்தால் படலம் படலமாக உரியலாம், கத்தரிக்கோலால் வெட்டலாம், பழுப்பு மஞ்சளும் ஓசியில் வரும்.