ஊசியா, தறியா, குரோஷாவா, நிட்டிங்கா: வீட்டிலேயே படிக்கும் பிள்ளைக்கு முதல் கைவேலை எது?

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கிற குடும்பங்களில் காலையில் கணக்கும் வாசிப்பும் முடிந்தபிறகு ஒரு நேரம் வரும். எல்லாரும் ஒரே அறையில் இருப்பார்கள், ஒருவர் கதை வாசிப்பார், மற்றவர்கள் கையில் எதையாவது வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்கள். இந்த ஒரு நேரத்துக்காகவே ஹோம்ஸ்கூலிங் செய்யலாம் என்று நினைக்கிறவள் நான். சரி, அந்தக் கையில் எது இருக்க வேண்டும்? கைத்தையல், அட்டைத் தறி நெசவு, ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னுகிற குரோஷா, இரண்டு ஊசி வைத்துப் பின்னுகிற நிட்டிங், இந்த நான்குதான் பெரும்பாலும் போட்டியில் இருக்கும். நான்கையும் வீட்டில் செய்து பார்த்தவள் என்கிற முறையில் எனக்கு இதில் திட்டவட்டமான கருத்து உண்டு.

எதிலிருந்து அழகான பொருள் வருகிறது என்று பார்த்துத்தான் பலரும் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் முதலில் கேட்கிற கேள்வி வேறு: பாதியில் கீழே வைத்தால் என்ன ஆகும்? வீட்டுப் படிப்பில் மணி அடித்துத் தொடங்கி மணி அடித்து முடிகிற வகுப்பு கிடையாது. தூங்கிய குழந்தை எழுந்துவிடும், வாசலில் யாராவது வந்து நிற்பார்கள், பெரியவனுக்கு வகுத்தல் கணக்கில் மீதி சரியாக வரவில்லை என்று கூப்பிடுவான், சொல்லித் தருகிற ஒரே ஆள் எழுந்து போயாக வேண்டும். அப்படிப் போய்த் திரும்பும்போது வேலை விட்ட இடத்திலேயே இருக்கிறதா, இல்லை பிரிந்து சிக்காகிப் பிள்ளை அழுதுகொண்டிருக்கிறாளா? இரண்டாவது கேள்வியும் இதோடு ஒட்டியதுதான்: தப்பு நேர்ந்தால் பிள்ளை தானாகவே சரிசெய்துகொள்ள முடியுமா? வேறு வேறு வயதில் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இது ரொம்ப முக்கியம்.

இந்தக் கண்ணோடு பார்த்தால் நிட்டிங்கும் குரோஷாவும் உண்மையிலேயே எதிரெதிர் ஆட்கள், தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் உல்லன் நூல் வேலைதானே என்று தோன்றினாலும். நிட்டிங்கில் ஒரு வரிசையில் எத்தனை கண்ணி, அதாவது நூல் வளையம், உண்டோ அத்தனையும் ஊசியில் உயிரோடு உட்கார்ந்திருக்கும். ஊசி நழுவினால் எல்லாம் வெளியே. ஒரே ஒரு கண்ணி நழுவினாலும் அது அந்த வரிசையோடு நிற்காது, கீழே கீழே இறங்கி ஏணி மாதிரி ஒரு இடைவெளியை உண்டாக்கிவிடும். அதைக் கொக்கி ஊசியால் படிப்படியாக மேலே ஏற்றிவிடலாம், ஆனால் ஆறேழு வயதுப் பிள்ளைக்கு அது தனியாக வராது. வரிசையின் நடுவில் வைத்துவிட்டுப் போனால் இன்னொரு தொல்லை: திரும்பி வந்து எடுக்கும்போது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம் என்று தெரியாமல் வந்த வழியே பின்னத் தொடங்கிவிடுவார்கள். வலது கைப் பழக்கக்காரர்களுக்கு உருண்டையிலிருந்து வருகிற நூல் வலது ஊசியில் தொங்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டால் இது பாதி தீரும். வரிசை முடியாமல் எழுந்திருக்கக் கூடாது என்று ஒரு விதி வைத்து, ஊசிமுனையில் ரப்பர் பேண்டைச் சுற்றிவிட்டால் மீதியும் தீரும்.

குரோஷாவில் கவலைப்பட வேண்டியது ஒரே ஒரு கண்ணிக்குத்தான். ஊசியை உருவிவிட்டு அந்தக் கண்ணியில் ஒரு சேஃப்டி பின்னை மாட்டிவிட்டால் வேலையை எத்தனை நாள் வேண்டுமானாலும் பையில் போட்டு வைக்கலாம். தப்பு என்று தெரிந்தால் நூலை இழுத்தால் போதும், ஒவ்வொரு கண்ணியாகப் பிரிந்து வரும், வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு அந்தப் பிரிக்கிற சத்தமே பிடிக்கும், அதனால் பிரிப்பதைத் தண்டனையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு: வரிசைக் கடைசியில் இருக்கிற கண்ணியை விட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள், சதுரமாகத் தொடங்கியது மெல்ல மெல்ல முக்கோணமாகிவிடும். ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணச் சொல்வதைத் தவிர இதற்கு வேறு மருந்து இல்லை. கடைசிக் கண்ணி எது என்று தெரிய ஒரு கலர் நூல்துண்டைக் கட்டிவிடுவதும் உதவும்.

இங்கே வால்டார்ஃப் என்கிற கல்வி முறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஹோம்ஸ்கூலிங் குடும்பங்களில் பாதிப் பேர் கைவேலை வரிசையை அங்கிருந்துதான் எடுக்கிறார்கள். அதை உருவாக்கிய தத்துவவாதி ருடால்ஃப் ஸ்டெய்னரின் முதல் வால்டார்ஃப் பள்ளி 1919-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில், ஒரு சிகரெட் ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. ஆண், பெண் வேறுபாடு இல்லாமல் எல்லாப் பிள்ளைகளும் பின்னக் கற்றார்கள், அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். அந்தப் பள்ளிகளில் வழக்கமாக முதல் வகுப்பில் நிட்டிங், இரண்டாம் வகுப்பில் குரோஷா. இரண்டு கைக்கும் சமமான வேலை கிடைக்கிறது என்பது நிட்டிங்கை முன்னால் வைப்பதற்குச் சொல்லப்படும் காரணம். காரணம் நல்ல காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது கைவேலைக்கென்றே ஒரு ஆசிரியர் பக்கத்தில் நின்று, நழுவிய கண்ணியை எல்லாம் எடுத்துக் கொடுக்கிற வகுப்பறைக்கு ஏற்ற வரிசை. நம் வீட்டில் அந்த ஆசிரியர் அப்போது குழந்தைக்கு முகம் கழுவிவிட்டுக்கொண்டிருப்பார். வீட்டுக்கு இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும், முதலில் குரோஷா, அப்புறம் நிட்டிங் என்பது என் கட்சி.

ஆனால் நிட்டிங்கைத் தள்ளிவிடச் சொல்லவில்லை, ஒரு விஷயத்தில் அதை அடித்துக்கொள்ள வேறு எதுவும் கிடையாது. பழகிவிட்டால் பார்க்காமலே பின்னலாம். குரோஷாவில் அடுத்து எந்தத் துளையில் ஊசியை விட வேண்டும் என்று கண் தேடிக்கொண்டே இருக்க வேண்டும், நிட்டிங்கில் அடுத்த கண்ணி ஊசியிலேயே வரிசையாகக் காத்திருக்கிறது, விரலுக்கே தெரிந்துவிடும். அதனால் கதை கேட்கிற நேரத்துக்கு, கதையில் முழுசாக மூழ்குகிற பிள்ளைக்கு, ஒன்பது பத்து வயதுக்கு மேல் நிட்டிங்தான் சரியான தோழன். வெறும் நேர்ப்பின்னலில் ஒரு நீளமான மஃப்ளர், டிசைன் எதுவும் வேண்டாம். இடது கைப் பழக்கமுள்ள பிள்ளைகளுக்கும் இதில் பெரிய சிரமம் இருப்பதில்லை, இரண்டு கையும் வேலை செய்வதால் பலர் மற்றவர்களைப் போலவே கற்றுக்கொள்கிறார்கள். குரோஷாவில் இடது கைப் பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள், கண்ணாடியில் பார்ப்பது போல அவர்கள் அப்படியே பின்பற்றுவார்கள்.

பொருள் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. கறுப்பு நூலும் பஞ்சு பஞ்சாக முடி நீட்டிக்கொண்டிருக்கிற நூலும் வேண்டவே வேண்டாம், கண்ணி எது என்று பெரியவர்களுக்கே தெரியாது. வெளிர் நிறத்தில், வழவழப்பான, கொஞ்சம் தடித்த நூல், 5 மி.மீ. குரோஷா ஊசி. நிட்டிங்குக்கு மூங்கில் அல்லது மர ஊசி, உலோக ஊசியில் கண்ணிகள் சறுக்கி ஓடும்.

கணக்குப் பாடத்தையும் இதில் சேர்க்க நினைக்கிற பெற்றோருக்குக் குரோஷாவில் ஒரு பொக்கிஷம் இருக்கிறது. 1997-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த கணிதவியலாளர் டெய்னா டைமினா, ஹைப்பர்பாலிக் தளம் எனப்படும், ஓரத்தை நோக்கிப் போகப்போக அலை அலையாக விரிகிற வளைபரப்பைக் குரோஷாவில் பின்னிக் கையில் கொடுத்தார். காகிதத்தில் ஒட்டிச் செய்த மாதிரிகள் சீக்கிரம் கிழிந்துபோய்விடும், நூலில் செய்தது எத்தனை பேர் கையில் புரண்டாலும் தாங்கும். செய்முறை பிள்ளைக்கே எட்டுகிற எளிமை: குறிப்பிட்ட எண்ணிக்கையில் கண்ணிகள் போட்டதும் ஒரே துளையில் இரண்டு போட வேண்டும், இதையே வரிசை வரிசையாகத் தொடர வேண்டும், அவ்வளவுதான். ஐந்து கண்ணிக்கு ஒன்று கூட்டினால் ஓரம் மெதுவாக அலை அலையாக வரும், இரண்டுக்கு ஒன்று கூட்டினால் சில வரிசைகளிலேயே பவளப்பாறை போல மடிந்து நெளிந்துகொள்ளும். ஒரே விகிதத்தில் பெருகினால் என்ன ஆகும் என்பதை உள்ளங்கையில் பிடித்துப் பார்த்த பிள்ளைக்குப் பிற்பாடு அந்தப் பாடம் அந்நியமாக இருக்காது.

நெசவுக்கு வருவோம். கீழே வைக்க முடியுமா என்கிற தேர்வில் முழு மதிப்பெண் வாங்குவது இதுதான். கெட்டி அட்டையின் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் அரை சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டு, அதில் பருத்தி நூலை நீளவாக்கில் பாவாக இழுத்துக் கட்டி, பின்பக்கம் டேப் ஒட்டிவிட்டால் தறி ரெடி. பாதி வரிசையில் விட்டுவிட்டு ஓடினாலும் ஒன்றும் பிரியாது, அவிழாது. ஐந்து வயதுப் பிள்ளை செய்யும். மேலே ஒன்று கீழே ஒன்று என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யும், அடுத்த வரிசையில் அதை மாற்றிச் சொல்ல வேண்டும் என்பது தானாகவே பிடிபடும். எல்லாருக்கும் வருகிற ஒரே பிரச்சினை இடுப்பு சிறுத்துப் போவது: குறுக்கே போகிற ஊடு நூலை இறுக்கி இழுத்து இழுத்து, நடுவில் குறுகிவிடும். நூலை நேராக இழுக்காமல் வில் போல வளைவாகப் போட்டு, பிறகு முள்கரண்டியால் கீழே தட்டிவிடச் சொல்லுங்கள், ஓரம் நேராக நிற்கும். பாவு நூலை அட்டையின் இரண்டு பக்கமும் சுற்றி, ஊடு நூலையும் முன்னும் பின்னுமாகச் சுற்றிச் சுற்றி நெய்தால் தையலே இல்லாத சின்னப் பை வந்துவிடும். அட்டையை உருவி எடுக்கிற அந்தக் கணத்தில் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

ஆனால் நெசவு சீக்கிரம் சலிக்கும். அட்டை எவ்வளவோ அவ்வளவுதான் துணி. எட்டு வயதுக்கு மேல் பிள்ளை இதைத் தொடர வேண்டுமென்றால் மரச்சட்டத் தறி வேண்டும், இடமும் வேண்டும். வரலாற்றுப் பாடத்துக்கு மட்டும் இதை எந்த வயதிலும் திரும்ப எடுக்கலாம். 1804-இல் பிரெஞ்சுக்காரர் ஜக்கார்டு செய்த தறியில் துளையிட்ட அட்டைகள்தான் எந்தப் பாவு நூல் மேலே எழ வேண்டும் என்று சொல்லின, அந்த அட்டைகளைத்தான் பின்னாளில் ஆங்கிலேயக் கணிதவியலாளர் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கும் எடுத்துக்கொண்டார். கையால் நெய்து பார்த்த பிள்ளைக்கு இதைச் சொன்னால் விளக்கமே தேவைப்படாது.

கடைசியாகக் கைத்தையல். இதைக் குரோஷாவுக்கும் நிட்டிங்குக்கும் முன்னால் ஏன் வைக்கிறேன் என்றால், மற்ற மூன்றிலும் புதிதாக எதையாவது செய்ய வேண்டும், தையலில் வீட்டிலேயே வேலை காத்துக்கொண்டிருக்கிறது. பிய்ந்த பட்டன், அவிழ்ந்த ஓரம், கிழிந்த தலையணை உறை. ஆங்கிலேயக் கல்வியாளர் சார்லட் மேசன் 1886-லேயே இதைச் சொல்லிவிட்டார்: பிள்ளைகளின் கைவேலை ஒன்றுக்கும் உதவாத அலங்காரச் சாமானாக இருக்கக் கூடாது, அவர்கள் சக்திக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும், நிதானமாகச் சொல்லிக்கொடுத்துச் செம்மையாகச் செய்ய வைக்க வேண்டும். காகிதப் பாய் முடைவதை அவர் வீண் வேலை என்றே எழுதினார். இதில் அவரோடு முழுக்க ஒத்துப்போகிறேன். அலமாரியில் தூசி படிகிற பொம்மையைவிட, அப்பா போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற சட்டையில் தான் தைத்த பட்டன் இருப்பது பிள்ளைக்கு எவ்வளவு பெரிய மதிப்பு!

பட்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். நூல் விரல்நுனியிலிருந்து முழங்கை வரை இருந்தால் போதும், அதற்கு மேல் நீண்டால் முடிச்சு விழும். பட்டனின் மேல் ஒரு தீக்குச்சியை வைத்து, அதன் மேலாக நூல் போகும்படி தைக்கச் சொல்லுங்கள். நான்கைந்து முறை போய் வந்ததும் குச்சியை உருவினால் பட்டனுக்கும் துணிக்கும் நடுவில் கொஞ்சம் தளர்வு கிடைக்கும், அந்தத் தளர்வில் நூலை இறுக்கிச் சுற்றிவிட்டு முடிச்சுப் போட வேண்டும். அப்போதுதான் தடித்த துணியிலும் பட்டன் சுளுவாக மாட்டும். இத்தனையும் பத்து நிமிட வேலை, ஏழு வயதில் வந்துவிடும். நடுவில் வைக்க வேண்டி வந்தால் ஊசியைத் துணியிலேயே குத்திவிட்டு எழுந்துபோகலாம். தப்பினால் அந்த நூலை மட்டும் வெட்டிவிட்டு மறுபடி.

தையலின் ஒரே உண்மையான குறை ஊசிதான். தவழ்கிற குழந்தை இருக்கிற வீட்டில் இதில் சமரசமே கிடையாது: எத்தனை ஊசி வெளியே வந்தது என்று பிள்ளையே எண்ணிச் சொல்ல வேண்டும், அத்தனையும் ஊசி குத்திவைக்கிற பஞ்சணைக்குத் திரும்பியதைக் காட்டிய பிறகுதான் இடத்தைவிட்டு எழ வேண்டும். தரையில் உட்கார்ந்து தைக்கக் கூடாது, மேஜையில்தான். இந்தக் கண்டிப்பு முடியாது என்று தோன்றுகிற வீடு, குழந்தை கொஞ்சம் வளரும்வரை தையலைத் தள்ளிவைத்துவிட்டு நெசவோடு தொடங்கட்டும். சின்னப் பிள்ளைகளுக்குச் சாக்குத்துணியும் முனை மழுங்கிய பெரிய ஊசியும் போதும், ஓட்டுத்தையல் அதிலேயே பழகும்.

எல்லாம் அளந்து வெட்டிப் பெட்டியில் போட்டு வருகிற கைவேலை கிட்களைப் பற்றியும் கேட்பார்கள். பயணத்துக்கும் பரிசுக்கும் நல்லது. தினசரிக்கு வேண்டாம், ஏனென்றால் அதில் எதைச் செய்வது என்கிற முடிவை வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். பிள்ளைக்கு மிச்சமிருப்பது கீழ்ப்படிவது மட்டும்.

என் வரிசை இதுதான்: நான்கைந்து வயதில் விரலிலேயே பின்னுகிற நூல்சங்கிலியும் அட்டைத் தறியும், ஆறு ஏழில் ஊசியும் பட்டனும், எட்டை ஒட்டிக் குரோஷா, அதற்கப்புறம் நிட்டிங். வயது இரண்டு வருஷம் முன்னே பின்னே போகலாம், விரல் தயாராக இல்லாத பிள்ளையை அவசரப்படுத்த வேண்டாம். ஒரே நேரத்தில் ஒரு கைவேலைதான் பையில் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் நான் பிடிவாதம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துணிப்பை, உள்ளே தொடங்கிய வேலையும் அதற்கு வேண்டிய சாமானும், மாட்டுவதற்குக் கை எட்டுகிற உயரத்தில் ஒரு ஆணி. கதைப் புத்தகத்தைத் திறக்கும்போது அவர்களே எடுத்துக்கொண்டு வந்து உட்காருவார்கள், யாரும் சொல்ல வேண்டியிருக்காது.