பாடகர் வராத பாட்டுக் கச்சேரி

ஈரோட்டில் பெருந்துறை சாலை மண்டபம் ஒன்றில் நடந்த எங்கள் வீட்டுத் திருமண வரவேற்புக்கு, வயலின், சாக்சபோன், கீபோர்டு, தபேலா கொண்ட உள்ளூர்க் குழு ஒன்றை ஏற்பாடு செய்திருந்தோம். 25 பாட்டு என்று பேசி முன்பணம் வாங்கியபோதே, பாடுவதற்கு ஆள் வரமாட்டார் என்பதை அவர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டதால், அதைக் குறையாகச் சொல்ல இடமில்லை. ஆனாலும் நிகழ்ச்சி தொடங்கிச் சற்று நேரத்தில் பெரியவர் ஒருவர் மேடையருகே சென்று, "வாத்தியமெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது, பாட்டு எப்பங்க ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார். இந்தக் குழுவை மதிப்பிட அந்தக் கேள்வியே போதும்.

வயலின்காரர் வாசித்தவை எல்லாம் பாட்டாகவே ஒலித்தன. பழைய திரைப்பாடல்களின் வரிகள் அவருக்கு மனப்பாடம் என்பது, சொல் முடியும் இடம் பார்த்து வில்லைத் திருப்பியதிலும் நெடிலுக்கு நெடிலாகவே நீட்டியதிலும் தெரிந்தது. முன்வரிசைப் பெண்கள் தம்மையறியாமல் உடன் முணுமுணுத்தார்கள். நாகஸ்வரக்காரர்கள் கீர்த்தனை வாசிக்கையில், நாக்கால் காற்றைத் தட்டி ஊதும் துத்துக்காரத்தால் செய்வதும் இதுவே. சாகித்தியத்தின், அதாவது பாடல் வரியின், எழுத்து விழும் இடத்தில் நாக்கும் விழுகிறது. சாக்சபோன்காரருக்குச் சுரம் பிசகவில்லை, தாளம் தவறவில்லை. ஆனால் மூச்சு தீர்ந்த இடத்திலெல்லாம் நிறுத்தியதால் சொற்கள் நடுவில் முறிந்து, நன்கு தெரிந்த மெட்டுகூட இன்ன பாட்டு என்று பிடிபடாமல் போயிற்று. பெரியவர் கேட்டது அவர் வாசித்துக்கொண்டிருந்தபோதுதான்.

ஆகவே பாட்டுக்கு வரி வேண்டும் என்பதே என் கருத்து. அது காதில் விழ வேண்டியதில்லை, வாசிப்பவரிடமும் கேட்பவரிடமும் இருந்தால் போதும். வரியே இல்லாத இசைக்கு இதனால் தாழ்வு எதுவும் இல்லை. சுவாமி புறப்பாட்டில் வாசிக்கும் மல்லாரிக்குச் சாகித்தியம் கிடையாது. மாரியம்மன் நோம்பிக்கு அடிக்கும் ஜமாப் மேளத்திலும் சொல் இல்லை. அவற்றை யாரும் பாட்டு என்பதில்லை, அதற்காக அவை யாருக்கும் சலிப்பதுமில்லை. கொங்கு நாட்டுக் கதைப்பாட்டான அண்ணன்மார் கதையிலோ, உடுக்கை எவ்வளவு அதிர்ந்தாலும் கதையை நகர்த்துவது பாடுபவரின் வரிதான். ஜெர்மானிய இசையமைப்பாளர் மெண்டல்சன் தம் பியானோ இசைத் துணுக்குகள் சிலவற்றுக்குச் 'சொற்களற்ற பாடல்கள்' என்று பெயரிட்டதோடு, அவற்றின் பொருளைக் கேட்டவருக்கு 1842இல் எழுதிய கடிதத்தில், சொற்களைவிட இசையே துல்லியமானது என்று வாதிட்டார். வலுவான வாதம்தான், ஆனால் அது இசையின் ஆற்றலுக்குச் சான்றாகுமே தவிர, அந்தத் துணுக்குகளைப் பாட்டாக்கிவிடாது.

கீபோர்டுக்காரர் தாமே கோத்த சில மெட்டுகளையும் வாசித்தார். சாப்பாட்டு நேரத்துக்கு இதமாக இருந்த அவற்றையும் 25 என்ற கணக்கில் சேர்த்துக்கொண்டது மட்டும் எனக்கு உடன்பாடில்லை. மற்றபடி நேரத்துக்கு வந்தார்கள், பேச்சை விழுங்காத அளவில் ஒலியை வைத்தார்கள், கூலியும் நியாயமானதே. இவர்களை அழைக்க நினைப்பவர்கள், என்னென்ன பாட்டு என்று முன்னதாகவே எழுதி வாங்கிக்கொண்டு, அவற்றில் பெரும்பாலானவற்றை வயலினில் வாசிக்கச் சொல்லிப் பேசிக்கொள்வது நல்லது.