மாட்டுத் தண்ணித் தொட்டி விரிசல் - எம்சீல் மாதிரி மாவும் வேண்டாம் டேப்பும் வேண்டாம், பிளாஸ்டிக் வெல்டிங்தான்

தாராபுரம் பக்கம் காட்டுல இருக்கறோம், அஞ்சு கறவை மாடு, ஒரு எருமை. மாட்டுக்குத் தண்ணி காட்ட 500 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க் ஒண்ண மேல்பாகத்தை அறுத்து தொட்டியா வெச்சிருந்தோம் (நாங்க எல்லாத்தையும் சின்டெக்ஸ்னுதான் சொல்லுவோம், ஆனா இது வேற ஏதோ லோக்கல் கம்பெனி). சித்திரை வெயில்ல எருமை காலைத் தூக்கி உள்ள வெச்சிருச்சு, அடில இருந்து ஒன்றரை அடிக்கு விரிசல். வெயில் காலத்துல ஒரு மாடே ஒரு நாளைக்கு 60 லிட்டருக்குக் குறையாம குடிக்கும், மோட்டார் த்ரீபேஸ் கரண்ட் வந்தாத்தான் ஓடும், ராத்திரி ரொப்பி வெச்சா காலைல பாதி இருக்காது, கட்டுத்தரை பூரா சேறு.

மொதல்ல ரெண்டு கலர்ல வரும்ல பிசைஞ்சு ஒட்டற மாவு, அதை வாங்கிட்டு வந்து அப்பினேன். நாலு நாள் நின்னுச்சு, அஞ்சாம் நாள் கன்னுக்குட்டி ஒரசுனதுல அப்பளம் மாதிரி முழுசா உரிஞ்சு கைல வந்துருச்சு. அப்புறம் பிவிசி பைப்புக்குப் போடற பசை. அது பிவிசியத்தான் கரைச்சு ஒட்டுமாம், இந்தப் பிளாஸ்டிக் மேல சும்மா காஞ்சு நிக்குது. கடைசியா தார் டேப், உள்பக்கமா ஒட்டினேன், மாடு நக்கறதைப் பாத்து பயந்து நானே பிச்சு எறிஞ்சேன். மூணுக்கும் சேத்து 300 ரூவா தண்டம். எங்க மாமியா மொத நாளே சொன்னாங்க, குடம் ஒட்டறவன் வருவான் இருன்னு, நாந்தான் கேக்கல.

அந்தக் குடம் ஒட்டற தம்பி எக்செல் வண்டில மைக் கட்டிக்கிட்டு வருவாப்ல, குடம் சேர் டேங்க் எல்லாம் ஒட்டறது. வர்றேன்னு சொன்ன நாளுக்கு ரெண்டு நாள் கழிச்சுத்தான் வந்தாப்ல, அது ஒரு கொறை. ஆனா வேலை பாத்த விதம் இருக்கே! தொட்டி வெளிம்புல சின்னதா ஒரு சீவல் சீவி தண்ணில போட்டாப்ல, மிதந்துச்சு. இன்னொரு சீவலைக் கொளுத்தி ஊதி அணைச்சா மெழுகுவர்த்தி அணைச்ச வாசம். "பாலிதீன்தாங்க்கா இது, இதுல சாதாரணப் பசை எதுவும் புடிக்காது, இதையே உருக்கி இதுல ஊத்துனாத்தான் உண்டு"ன்னாப்ல.

விரிசல் முடியற ரெண்டு முனைலயும் டிரில்லுல சின்ன ஓட்டை போட்டாப்ல. எதுக்கு இருக்கற ஓட்டை பத்தாதான்னு கேட்டேன், அப்படிப் போடலைன்னா ஒட்டுன பின்னாடியும் விரிசல் நீண்டுக்கிட்டே போகுமாம். அப்புறம் உப்புத்தாள் வெச்சு பாசியெல்லாம் தேச்சு, சூடு பண்ணுன கம்பியால விரிசல் நெடுக பள்ளம் எடுத்து, நாங்க அறுத்துப் போட்ட அதே டேங்கோட மேல்துண்டுல இருந்து பட்டை பட்டையா நறுக்கி உருக்கி அடைச்சு, மேல எவர்சில்வர் வலைய வெச்சு அமுக்கி, திரும்ப ஒரு பூச்சு, வெளிப்பக்கமும் அதே மாதிரி. ஒன்றரை மணி நேரம் ஆச்சு. புகை நல்லா வரும், வெளில வெச்சே பண்ணச் சொல்லுங்க.

தப்பு எம்பேர்லயும் இருக்கு. தொட்டியக் காயவைங்கன்னு சொல்லியிருந்தாப்ல, நான் காலைலதான் கவுத்தேன். ஈரம் இருந்த எடத்துல ஆவி கெளம்பி ஊசிமுனை அளவுக்கு ஒரு ஓட்டை விட்டுருச்சு, சொட்டு சொட்டா கசிஞ்சுச்சு. அடுத்த வாரம் வந்து காசு வாங்காம அடைச்சுக் குடுத்தாப்ல.

மொத்தம் 450 ரூவா, வலையோட. புதுசு கேட்டதுக்கு கடைல 3,000த்துக்கு மேல சொன்னாங்க. மூணு மாசம் ஆச்சு, கசியல. உள்பக்கம் மட்டும் சொரசொரன்னு இருந்துச்சு, மாட்டு நாக்குல குத்துமேன்னு நானே அரம் போட்டுத் தேச்சேன், அதை அவரே பண்ணியிருக்கலாம். ஒரு மார்க் கொறைச்சு அஞ்சுக்கு நாலு.

அப்புறம் அடியில பாத்தா கருங்கல் ஜல்லி மேல தொட்டிய வெச்சிருந்திருக்கோம், விரிசல் ஆரம்பிச்சதே ஒரு கல் துருத்திக்கிட்டிருந்த எடத்துல. எருமைய மட்டும் திட்டி என்ன பண்றது, இப்ப ஜல்லிய வாரிட்டு மணல் கொட்டி மட்டம் பண்ணி வெச்சிருக்கோம்.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். பல வருசமா வெயில்லயே கெடந்த நீல டிரம் ஒண்ணையும் ஒட்டச் சொல்லி எடுத்துக்கிட்டு வந்தேன். நகத்தால கீறிப் பாத்தாப்ல, மாவா உதிந்துச்சு. "இது வெயில்ல செத்துப்போச்சுங்க்கா, இங்க ஒட்டுனா அக்கட்ட விடும், காசு வாங்க எனக்கே மனசு வராது"ன்னு கையே வெக்கல. அந்த டிரம்முல இப்ப கோழி அடை படுத்திருக்குது.