பதினெட்டு வயதுக்கு முன்னும் பின்னும்: கருக்கலைப்புச் சட்டம்

கருக்கலைப்பு வேண்டித் தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ மருத்துவமனைக்கு வரும் பெண் பதினெட்டு வயது நிறைந்தவராயின், 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி அவருடைய ஒப்புதல் மட்டுமே தேவை. கணவரின் கையொப்பம் கேட்டு அவரைத் திருப்பி அனுப்புவது அநீதி. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். அதன்பின் 24 வாரம் வரை இரு மருத்துவர்களின் கருத்தோடு, விதிகள் குறிப்பிடும் காரணமும் வேண்டும்.

சிறுமிக்கோ வயதே அக்காரணமாகிறது. ஆனால் பாதுகாவலரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் கட்டாயம். பெற்றோர் பிழைப்புக்காகத் திருப்பூர் சென்றிருக்க, பிள்ளையைப் பராமரிக்கும் பாட்டியும் சட்டத்தின் பார்வையில் பாதுகாவலரே என்பதைப் பல குடும்பங்கள் அறிய வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி மருத்துவர் காவல்துறைக்குத் தகவல் தர வேண்டும் என்ற அச்சத்தில் வாரங்களைக் கடத்தவும் வேண்டியதில்லை. சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், அத்தகவலில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் வெளியிடத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்துள்ளது.