போஸ்ட்கிரெஸ் பராமரிப்பு: இரவு வேக்கமா, ஆட்டோவேக்கமா?

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஒரு வரியை அப்டேட் செய்தால் பழைய வரி உடனே போய்விடாது. செத்த வரியாக டேபிளிலேயே கிடக்கும். அதைப் பெருக்கித் தள்ள இரண்டு வழி உண்டு. தேவைப்படும்போது தானே பெருக்கும் ஆட்டோவேக்கத்தை ஆஃப் செய்துவிட்டு, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரானில் இரவு 2 மணிக்கு வேக்கம் (செத்த வரிகளைப் பெருக்கும் கமாண்ட்) ஓட்டலாம். அல்லது ஆட்டோவேக்கத்தை டேபிளுக்கு டேபிள் திருத்தி வைக்கலாம். என் ஓட்டு இரண்டாவதற்கு.

இரவு வேக்கத்தில் நேரம் நம் கையில் இருக்கும், பகல் நெரிசலில் டிஸ்க்கைத் தொடாது. இரவில் மொத்தமாக டேட்டா ஏற்றும் ரிப்போர்ட் டேட்டாபேஸுக்கு அது நன்றாகவே பொருந்தும்: லோடு முடிந்த கையோடு வேக்கம் அனலைஸ் (பெருக்குவதோடு டேபிளின் புள்ளிவிவரத்தையும் புதுப்பிக்கும்) ஓட்டினால் போதும்.

சிக்கல் நடுவே உள்ள 24 மணி நேரத்தில். 1 லட்சம் வரி உள்ள ஒரு ஜாப் கியூ (காத்திருக்கும் வேலைகளின் பட்டியல்) டேபிள், ஸ்டேட்டஸ் என்ற நெடுவரிசையில் இண்டெக்ஸ், 10 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லா வரியிலும் ஸ்டேட்டஸ் மாறுகிறது என்று வையுங்கள். ஒரே நாளில் 1 கோடியே 44 லட்சம் செத்த வரிகள். இரவு வேக்கம் அவற்றை அள்ளிவிடும். ஆனால் அந்த இடம் அதே டேபிளின் புது வரிகளுக்குத்தான் கிடைக்கும். கோப்பின் கடைசிப் பகுதி காலியாக இருந்தால் ஒழிய டிஸ்க்குக்குத் திரும்பாது. வீங்கிய கோப்பு வீங்கியபடியே. சுருக்க வேக்கம் ஃபுல் ஓட்டினால் டேபிளையே புதுக் கோப்பில் எழுதும். முடியும்வரை செலக்ட்கூடக் காத்துக் கிடக்கும்.

ஆட்டோவேக்கத்தையும் வந்தபடியே விட்டால் ஆகாது. எத்தனை வரி செத்தால் கிளம்புவது என்பதற்கு டீஃபால்ட் கணக்கு 50 வரியோடு டேபிளில் 20 சதவீதம். 10 கோடி வரி டேபிளில் 2 கோடி செத்த பிறகுதான் எட்டிப் பார்க்கும். ஆல்டர் டேபிள் கமாண்டில், அந்தச் சதவீதத்தைக் குறிக்கும் ஸ்கேல் ஃபேக்டரை 0.01 (1 சதவீதம்) ஆக்கினால் 10 லட்சத்திலேயே வந்துவிடும்.

வேகம் போதவில்லை என்று, பெருக்கும் வேலையைச் செய்யும் வொர்க்கரை 3-இலிருந்து 6 ஆக்குவது வீண் வேலை. ஒரு மூச்சில் எவ்வளவு வேலை செய்யலாம் என்ற காஸ்ட் லிமிட் 200 எல்லா வொர்க்கருக்கும் பொது. ஆள் கூடினால் ஆளுக்குப் பங்கு குறையும், அவ்வளவுதான். முதலில் லிமிட்டை ஏற்றுங்கள். 1000-இல் தொடங்கலாம், டிஸ்க் தாங்குகிறதா என்பதை லாக்கைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எதையாவது எழுதிவிட்டு கமிட் செய்யாமல் தூங்கும் கனெக்‌ஷன் ஒன்று இருந்தால் இரண்டு வழியும் கையை விரித்துவிடும்: அதற்குப் பிறகு செத்த வரிகளை எந்த வேக்கமும் தொடாது. ஐடில் இன் டிரான்ஸாக்‌ஷன் டைம்அவுட் (இப்படித் தூங்குவதை அறுக்கும் கால வரம்பு) டீஃபால்ட்டில் பூஜ்யம், அதாவது வரம்பே கிடையாது. 5 நிமிடம் வையுங்கள்.

ஆஃப் செய்தவர்களுக்கு இன்னொன்று. ஒரு டேபிளின் டிரான்ஸாக்‌ஷன் வயது (அதன் பழைய வரிகளை வேக்கம் கடைசியாக உறையவைத்த பிறகு ஓடிய டிரான்ஸாக்ஷன்களின் எண்ணிக்கை) 20 கோடியைத் தாண்டினால், ஆஃப் செய்திருந்தாலும் ஆட்டோவேக்கம் தானே கிளம்பும். கிரான் சத்தமில்லாமல் நின்றுபோன டேட்டாபேஸில் அது பட்டப்பகலிலும் வரலாம். வழக்கமான ஆட்டோவேக்கம் ஆல்டர் டேபிளுக்கு வழிவிடும், இது விடாது.