அடைப்புக்குறி எந்தப் பக்கம்? லிலிபாண்டில் டைனமிக்ஸும் ஸ்லரும்

லிலிபாண்ட் என்பது உரையாக எழுதிய இசையை ஸ்வரத் தாளாக அச்சிட்டுத் தரும் மென்பொருள். 2.18 பதிப்பு இருந்த காலத்தில் அதைத் தொட்டேன், இப்போது 2.24-இல் இருக்கிறேன். பெரும்பாலும் பியானோ, கொஞ்சம் கோரஸ். ஸ்வரமும் கால அளவும் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிட்டன. அதற்கப்புறம் போன நேரத்தில் பாதி டைனமிக்ஸோடும் (சத்தம் கூடுவதையும் குறைவதையும் காட்டும் குறிகள்) ஸ்லரோடும் (ஸ்வரங்களைச் சேர்த்து அணைக்கும் வளைவு) மல்லுக்கட்டியதில்தான் போனது.

முதலில் இடறியது அடைப்புக்குறியில். ஒரு வளைவு நான்கு ஸ்வரங்களை அணைக்கிறது என்றால் முதல் ஸ்வரத்துக்கு முன்னால் ( போடத்தான் கை போகும், ஏபிசி என்ற இன்னொரு உரைவடிவ இசைக்குறி முறையில் எழுதிப் பழகியவர்களுக்குக் கேட்கவே வேண்டாம், அங்கே அதுதான் சரி. லிலிபாண்டில் முதல் ஸ்வரத்தை எழுதிவிட்டு அதன் பின்னால் ( வர வேண்டும். முன்னால் போட்டால் ஸ்லர் ஒரு ஸ்வரம் முன்கூட்டியே தொடங்கிவிடும், பிழை என்று எதுவும் சொல்லாது, ஏனென்றால் இலக்கணப்படி அது சரியான வாக்கியம். ஹேர்பினைத் (சத்தம் ஏறுவதையோ இறங்குவதையோ காட்டும் ஆப்பு வடிவக் குறி) திறக்கும் \< குறியும் மூடும் \! குறியும் இதே கதைதான், எல்லாம் ஸ்வரத்தின் வாலில் தொங்குபவை. 'இந்தக் குறி பக்கத்தில் எங்கே இருக்கும்' என்று யோசிப்பதை விட்டு 'எந்த ஸ்வரத்துக்குச் சொந்தம்' என்று கேட்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு நிம்மதி.

ஆனால் சொந்தக்கார ஸ்வரமே இல்லாத இடங்கள் உண்டு. முழு ஸ்வரம் ஒன்று நீண்டு ஒலிக்கிறது, அதற்குள்ளேயே சத்தம் ஏறி இறங்க வேண்டும். இதற்கு அச்சில் தெரியாத இடைவெளி ஸ்வரங்களை அந்த முழு ஸ்வரத்துக்கு இணையாக ஓடவிட்டு ஹேர்பினை அவற்றின் மேல் மாட்டுவோம். 2.24-இல் 'ஆஃப்டர்' என்று ஒரு கட்டளை வந்தது, இத்தனை கால் ஸ்வரம் கழித்து இந்தக் குறி என்று நேரடியாகச் சொல்லிவிடலாம். சின்ன விஷயம்தான், ஆனால் பழைய கோப்புகளைத் திறந்தால் எத்தனை வரிகளை வீணாக எழுதியிருக்கிறேன் என்று தெரிகிறது.

பியானோவில் இந்த இடைவெளி உத்தியையே பெரிதாகச் செய்வது நல்லது. 'டைனமிக்ஸ்' என்றே ஒரு தனி கான்டெக்ஸ்ட் (இசை வரிசை) இருக்கிறது, இரண்டு ஸ்டாஃப்களுக்கு (ஐந்து கோட்டு வரிகளுக்கு) நடுவில் வைத்தால் சத்தக் குறிகள் எல்லாம் அங்கே ஒழுங்காக அமரும், வலது கையின் ஸ்வர வரிகளும் படிக்கத் தெளிவாக இருக்கும். ஒரே ஆபத்து: நடுவில் ஒரு பார் (தாளக் கணக்கின் ஒரு கட்டம்) சேர்த்தால் அந்தத் தனி வரிசையிலும் சேர்க்க வேண்டும். நான் ஒருமுறை மறந்து, பதினேழாம் பாரிலிருந்து கடைசி வரை எல்லாக் குறியும் ஒரு பார் முன்னால் நகர்ந்து அச்சாகிப் போனது. பார் செக் (பார் சரியான இடத்தில் முடிகிறதா என்று சோதிக்கும் குறி) போடவில்லையா என்று கேட்கலாம், போட்டிருந்தேன், ஆனால் முழு பார் ஒன்று குறைந்தால் அதற்கு எப்படித் தெரியும்? இப்போது ஒவ்வொரு வரியின் முடிவிலும் பார் எண்ணைக் குறிப்பாக எழுதி வைக்கிறேன்.

கோரஸ் பக்கம் வேறு மாதிரி. பாடல் வரிகள் இருக்கும்போது ஸ்லர் வெறும் வளைவு இல்லை, அது மூடும் ஸ்வரங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே அசை என்று லிலிபாண்ட் எடுத்துக்கொள்ளும். இது தெரியாமல் சொற்றொடரைக் காட்ட நாலு பார் நீளத்துக்கு ஒரு ஸ்லர் இழுத்தேன், அத்தனை ஸ்வரத்துக்கும் ஒரே அசை, மிச்சச் சொற்கள் எல்லாம் ரயில் தவறியவர்களைப் போல அடுத்த பார்களில் போய் நின்றன. அந்த மாதிரி நீண்ட வளைவுக்கு \( என்று தொடங்கி \) என்று முடியும் ஃப்ரேஸிங் ஸ்லர்தான் சரி, அது அசைகளைத் தொடாது. அப்புறம் பாடகர்களுக்கு டைனமிக்ஸ் ஸ்டாஃபுக்கு மேலே இருக்க வேண்டும், கீழே பாடல் வரி இருக்கிறதே. 'டைனமிக்அப்' என்று ஒருமுறை சொன்னால் போதும்.

நடுவில் இரண்டு குரலாகப் பிரியும் இடம்தான் எல்லோரையும் படுத்தும். இரட்டைப் பின்சாய்வுக்கோடு (\\) போட்டுப் பிரித்தால் உள்ளே இருப்பவை புதிய வாய்ஸ்கள், அதாவது தனித்தனிக் குரல் வரிசைகள். வெளியே தொடங்கிய ஸ்லரோ ஹேர்பினோ உள்ளே முடிய முடியாது. முடிக்கப்படாத ஸ்லர் என்று ஓர் எச்சரிக்கையும், முடிக்க ஸ்லரே இல்லை என்று இன்னோர் எச்சரிக்கையும் சேர்ந்து வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்படுங்கள். மேல் குரலைப் பழைய வாய்ஸிலேயே தொடரவிட்டு, கீழ்க்குரலுக்கு மட்டும் புது வாய்ஸ் திறந்தால் தீர்ந்தது.

தோற்றத்தைப் பொறுத்தவரை, ஸ்லருக்கு அது பல வளைவுகளை முயன்று பார்த்து ஒவ்வொன்றுக்கும் தண்டப் புள்ளி போட்டு, குறைந்த புள்ளி வாங்கியதைத் தேர்ந்தெடுக்கிறது. பெரும்பாலும் நான் கையால் வரைவதைவிட நன்றாகவே இருக்கும். பிடிக்காத ஒன்றிரண்டுக்கு 'ஷேப்' கட்டளை உண்டு, வளைவின் நான்கு கட்டுப்பாட்டுப் புள்ளிகளையும் தனித்தனியே நகர்த்தலாம். ஆனால் தாள் அளவும் வரி முறிவும் முடிவாகும் முன் அதைத் தொடாதீர்கள். இருபது ஸ்லரைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கிவிட்டு, பக்க ஓரத்தைச் சற்றுக் குறைத்தேன். இரண்டு வரியில் உடைந்திருந்த ஸ்லர்கள் ஒரே வரிக்கு வந்துவிட்டன, என் எண்கள் எதற்கும் பொருந்தவில்லை. டைனமிக்ஸ் மேலும் கீழுமாகத் தள்ளாடினால் மட்டும் 'ஸ்டாஃப் பேடிங்' (ஸ்டாஃபிலிருந்து விட வேண்டிய தூரம்) அளவை முதலிலேயே வைத்துவிடலாம், அது வரி முறிவுக்கெல்லாம் அசையாது.

இன்னமும் எரிச்சலூட்டுவது ரிப்பீட்டின் இரண்டாம் முடிவில் பாதியிலிருந்து வரும் ஸ்லர். டை (ஒரே ஸ்வரத்தை நீட்டும் வளைவு) என்றால் 'ரிப்பீட் டை' என்று கட்டளை இருக்கிறது. ஸ்லருக்கு நான் இன்றும், கண்ணுக்குத் தெரியாத ஒரு கிரேஸ் ஸ்வரத்தை (தாளக் கணக்கில் சேராத சின்ன ஸ்வரம்) முன்னால் நிறுத்தி அதிலிருந்து வளைவை இழுத்துக்கொண்டிருக்கிறேன்.